நண்டு வறுவல் கடைத் திறப்பு விழா

ஒரு காட்டில், வேலைவாய்ப்பு அலுவலகம் வந்த பிறகும் காடு என்றே அழைக்கப்பட்டு வந்த ஓர் இடத்தில், சடையப்பன் என்றொரு கீரி இருந்தது. பறவைக் குடியிருப்பில் பாம்புக் காவல் அதன் உத்தியோகம். ஒருநாள் பாம்புகளும் பறவைகளும் சமாதான ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அதன்பின் பறவைகள் குறைந்துகொண்டே வந்தது வேறு கதை. கீரிக்கு வேலை போயிற்று.

நல்லவேளை, வேலையில்லாத விலங்குகளுக்கு அரசு வாரம் ஒரு கூடை உயிர் நண்டு கொடுத்தது. சடையப்பனும் மனைவி வடிவும் குட்டிகளும் அதில் காலத்தை ஓட்டின.

கூடை கொடுக்கும் அதிகாரி ஒரு நாரை. வேலையில்லாதவர்கள் எண்ணிக்கையைக் குறைத்தால் பதவி உயர்வு என்று மேலிடம் சொன்ன நாளிலிருந்து அதற்கு ஏழைகள்மேல் பாசம் பொங்கிற்று. சடையப்பனை உட்காரவைத்து, கைநீட்டி வாங்குவதன் கேவலத்தையும் சுயதொழிலின் பெருமையையும் விளக்கியது. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் விளக்கியது.

கீரிக்கு ரோஷம் வந்துவிட்டது. நண்டு வறுவல் கடை போடுவதென்று முடிவாயிற்று. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, வருகிற நண்டில் பாதியைப் பானையில் சேர்த்தன. குட்டிகள் பானையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தூங்கப் போயின. அதைப் பார்க்கச் சடையப்பனுக்கு நெஞ்சு வலித்தது. முதலாளி ஆகிறவர்களுக்கு இதெல்லாம் சகஜம் என்று தேற்றிக்கொண்டது.

பானை நிறைந்ததும் நாரை புதிதாக ஒன்று சொன்னது.

"திறப்பு விழா நடத்தாத கடை எங்க கணக்குல கடையே இல்லீங்க. பெரிய ஆள் வந்து ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்தாத்தான் சுயதொழில்."

ரிப்பன், கத்தரிக்கோல், குத்துவிளக்கு எல்லாம் சடையப்பன் செலவு. புலியார் தலைமை தாங்க வந்தார். கூடவே பரிவாரமும், யாரும் அழைக்காத நரிகளும் வந்தன. இத்தனை பேரும் சும்மா தின்கிறார்களே என்று வடிவு காதைக் கடித்தது. இன்றைக்கு விளம்பரம், நாளைக்குத்தான் வியாபாரம் என்றது சடையப்பன். சாயங்காலம் பானை காலி. புலியார் உப்பு கொஞ்சம் குறைவு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சடையப்பன் அலுவலகத்துக்கு ஓடியது. நாரை சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டியது.

"புலியார் பக்கத்துல மாலையும் கழுத்துமா நிக்கிறீங்க. உங்களுக்குப் போய் எப்படிங்க கூடை தர்றது? நீங்க முதலாளி."

வீட்டில் குட்டிகள் பசியில் ரிப்பனை மென்றுகொண்டிருந்தன. சடையப்பன் வாய்விட்டு அழுதது. அப்போது பக்கத்துப் புதரிலிருந்து முள்ளம்பன்றி வந்தது. நாரை அதையும் பிடித்துவிட்டதாம். நாளைக்குச் சலூன் திறப்பாம். விளக்கும் கத்தரியும் இரவல் கேட்டது.

சடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"இரவல் இல்லீங்க, வாடகை. அரைக்கூடை நண்டு. முன்கூட்டியே தரணும்."

அடுத்து அணில் வந்தது, ஆமை வந்தது. இப்போது சடையப்பனிடம் பந்தல், நாற்காலி, மைக் செட் எல்லாம் உண்டு. எந்தக் கடையும் மறுநாள் வரை தாங்குவதில்லை. அது பந்தலின் குற்றமில்லையே. வேலையில்லாதவர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட நாரை சடையப்பனைத்தான் மேடையேற்றுகிறது.

ஒருநாள் ஒரு முயல் வந்து, சேர்த்து வைத்த கிழங்கையெல்லாம் போட்டுக் கடை திறப்பதாகச் சொல்லி முன்பணம் கட்டிவிட்டுப் போனது. வடிவுக்கு மனசு கேட்கவில்லை.

"பாவங்க அது. நமக்கு நடந்ததைச் சொல்லிடலாமே?"

சடையப்பன் வயிறு நிறைந்து தூங்கும் குட்டிகளைப் பார்த்தது. பிறகு முயலுக்காக நல்ல சிவப்பு ரிப்பனாகத் தேடி எடுத்து வைத்தது.

நீதி: கடை திறக்காதே. திறக்கிறவர்களுக்குப் பந்தல் போட்டுக் கொடு.