மழை வந்தால் பூட்டும் குடைக்கடை

“காத்துக்கு எடை போடுற படிப்பெல்லாம் படிச்சிருக்கியாமே சயாமா? அப்ப இதையும் சொல்லு. ஈரத்துணி கனமா, காஞ்ச துணி கனமா?”

டீக்கடை முழுக்கச் சிரிக்கும்படி என்னிடம் இப்படிக் கேட்டவர், மழை வந்தால் கடையைப் பூட்டிவிட்டுப் போகிற குடை வியாபாரி. பர்மா முழுக்கத் தேடினாலும் அப்படி இன்னொருவர் கிடைக்கமாட்டார். உலகம் முழுக்க என்றே எழுதியிருப்பேன். நான் இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். யாங்கோன் நகரத்து பபேடானில் எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. பேஸ்பாலில் பந்தை வேலி தாண்டி அடித்தால் ஹோம்ரன். அதற்கு முன்னால் பர்மிய மரியாதைக்கு ஒரு ‘ஊ’ போட்டு, தெருவே சேர்ந்து வைத்த பெயர் ‘ஊ ஹோம்ரன்’. நேரில் நான் அவரை ‘ஊலே’ என்பேன், மாமா என்று அர்த்தம். அவர் என்னை ‘சயாமா’ என்பார், டீச்சரம்மா என்று. அதில் பாதி மரியாதை, மீதி கிண்டல்.

யாங்கோனில் ஏது பேஸ்பால் என்று கேட்பீர்கள். ஜப்பானுக்கு வேலைக்குப் போவதற்காக எங்கள் தெரு இளைஞர்கள் கூட்டமாக ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தார்கள். அங்கே பாடம் எடுத்தவர் மொழியோடு மட்டையையும் கையில் கொடுத்துவிட்டார். மொழி பாதியில் நின்றது. ஆட்டம் நிற்கவில்லை.

அமெரிக்காவில் ராத்திரி ஆட்டம் என்றால் எங்களுக்கு அது காலை டீ நேரம். தெருமுனை டீக்கடையில் ஒரு குட்டை மேசை, சுற்றிலும் முழங்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூல்கள், நடுவில் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போன். கரண்ட் இல்லாத நாட்களில் யார் போனில் சார்ஜ் இருக்கிறதோ அவர்தான் அன்றைக்கு ராஜா.

அந்த மேசையில் ஸ்டூல் பிடித்த ஒரே பெண் நான். அப்பா போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை சுமப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இயற்பியலில் பட்டமும் வாங்கினேன். யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்வது என் வழக்கம். இருந்தாலும் பட்டத்துக்காக யாரும் எனக்கு ஸ்டூல் போடவில்லை. பல காலைகள் நின்றுகொண்டேதான் ஆட்டம் பார்த்தேன். பந்து ஏன் வளைகிறது என்று டப்பா மூடியைச் சுழற்றிக் காட்டிய அன்றுதான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். அதனால் அந்தச் சிவப்பு ஸ்டூல் எனக்குப் பட்டத்தைவிடப் பெரிசு.

ஊ ஹோம்ரனுடைய இடம் எனக்கு எதிரே. அவருக்கு ஒரு கொள்கை உண்டு. ஈரக்காற்று கனமானது, அதனால் பந்தை அமுக்கிக் கீழே தள்ளிவிடும். கொள்கையாவது பரவாயில்லை, அதைச் சோதிக்கும் விதம்தான் விசேஷம். மழை வந்ததும் கடையைப் பூட்டிவிட்டு டீக்கடைக்கு வந்துவிடுவார். அமெரிக்காவில் ஒருவன் பந்தைத் தூக்கி அடித்ததும், இவர் டீக்கடைக்கு வெளியே கையை நீட்டி, பபேடான் காற்றை விரலால் கசக்கிப் பார்ப்பார்.

“விழுந்துடும்” என்பார்.

பந்து வேலியைத் தாண்டிப் போயிருக்கும்.

“ஊலே, அங்க மழையே இல்ல.”

“வரும். இங்கேருந்துதானே போகணும்.”

ஒருநாள் தெப்பமாக நனைந்த ஒரு பெண் டீக்கடைக்குள் ஓடி வந்து, “ஊலே, கடையைத் திறங்க, ஒரு குடை வேணும்” என்றாள். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அதான் நனைஞ்சுட்டியே, இனிமே குடை எதுக்கு? உக்காரு, ரெண்டு சுற்றுதான் பாக்கி.” அந்தப் பெண் உட்கார்ந்தாள். இப்போது அவளுக்கும் பேஸ்பால் பைத்தியம்.

ஈரத்துணிக் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். “துணி வேற, காத்து வேற ஊலே. நீராவி காத்தைவிட லேசு. காத்துல நீராவி கூடினா மொத்தக் காத்தும் லேசாயிடும். பந்து அதிக தூரம்தான் போகும்.”

“அப்ப மழைக்காலத்துல நம்ம பசங்க அடிச்ச ஒரு பந்தாவது தாகேதா மைதானத்து வாகை மரத்தைத் தாண்டிச்சா? குளிர்காலத்துல கோ துன் அடிச்சது மரத்தடி வரைக்கும் போச்சே?”

கோ துன் எங்கள் டீ மாஸ்டர். டீயை ஆற்றி ஆற்றி மட்டைக்கென்றே செய்த மாதிரி கைகள். அவன் அடித்த பந்துகூட மழைக்காலத்தில் பாதி வழியிலேயே விழுந்தது உண்மைதான். இருந்தாலும் வாயை மூடவில்லை.

“மழை விட்டதும் அடிச்சுப் பாப்போம். மரத்தைத் தாண்டும்.”

“தாண்டாது. தோத்தவங்க இந்த மழைக்காலம் முழுக்க ஸ்டூல்ல உக்காரக் கூடாது. சம்மதமா?”

சம்மதம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்ட இடைவெளியில் மைதானம் போனோம். எங்கள் பந்துகள் கிடப்பது ஊ ஹோம்ரன் கடையில்தான்; அன்றைக்குப் பந்தைத் தானேதான் கொண்டுவருவேன் என்று அடம்பிடித்து, அதை இடுப்பில் கட்டிய லோஞ்சியின் மடிப்பில் முடிந்து எடுத்து வந்திருந்தார். கோ துன் அடித்தான். பந்து போனது, போய்க்கொண்டே இருந்தது, வாகை மரத்தின் தலைக்கு மேலே ஏறி அந்தப் பக்கத்துத் தண்ணீரில் விழுந்தது. ஊ ஹோம்ரன் கையை நீட்டிக் காற்றைக் கசக்கிப் பார்த்தார். பிறகு அந்தக் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை அவர் மனைவி டோ மியா டீக்கடை வாசலில் வந்து நின்றார்.

“என் அரிசி டிரம்முல மாட்டுத் தோல் நாத்தம் அடிக்குது. கேட்டா, பந்தைக் காயப்போட்டேங்கிறார்.”

மேசை மொத்தமும் ஊ ஹோம்ரனைப் பார்த்தது.

“ஊலே, எதுக்குக் காயப்போட்டீங்க?”

“ஜெயிக்கத்தான்” என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல். “காஞ்ச பந்து அப்பளம் மாதிரி. ஈரக்காத்துல போகப்போகத் தண்ணியைக் குடிச்சு, நடுவழியில கனமாகி விழுந்துடும்னு நெனச்சேன்.”

மழைக்காலத்தில் பந்து ஏன் பாதி வழியில் விழுந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மழைக்காலம் முழுக்க எங்கள் பந்துகள் அவருடைய ஓதம் பிடித்த கடையில் கிடந்து ஊறியவை. ஊறின பந்து மட்டையில் பட்டுத் துள்ளாது. அவற்றை அமுக்கியது காற்று அல்ல. கையிலிருந்த ஒரே சாட்சியை அரிசியில் போட்டு அவரே காயவைத்துவிட்டார். சும்மா இருந்திருந்தால் ஸ்டூலை நான்தான் இழந்திருப்பேன்.

அவர் வாக்குத் தவறவில்லை. வாசலில் நின்றார். உள்ளே நின்றால் உட்காரத் தோன்றுமாம், அதனால் வெளியே, குடை இல்லாமல் நின்றார். பிறகு அங்கேயும் வருவதை விட்டுவிட்டார். மழையில் குடைக்கடை திறந்திருந்தது. தெருவே பதறிப்போனது. “கடை திறந்திருக்கே, அவர் வீட்டுல ஏதாச்சும் கெட்டதா?” என்று என்னிடமே இரண்டு பேர் விசாரித்தார்கள்.

டீக்கடையில் எல்லோரும் நான் சொன்னதை ஒப்புக்கொண்டார்கள். பந்து பறந்தால், “சயாமா சொன்னா சரி” என்றார்கள். இத்தனை சரியான காலைகளை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. டீ ஆறிப்போகும் வரை ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

போன வாரம் கடைக்குப் போனேன். குடைகளுக்கு நடுவே ஒரு குடை மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

“வாங்க ஊலே. பந்தயமெல்லாம் போதும், வந்து உக்காருங்க.”

“தோத்தவன் தோத்தவன்தான். பிச்சை ஸ்டூல் எனக்கு வேணாம்.”

“அப்ப இன்னொரு ஆட்டம். நீங்க ஜெயிச்சா ஸ்டூல் உங்களுக்கு.”

தலை நிமிர்ந்தது. கை தானாகவே வாசலுக்கு வெளியே நீண்டு காற்றைக் கசக்கியது.

“பந்து?”

“இந்தத் தடவை நான் கொண்டுவர்றேன். அரிசி டிரம் உள்ளவங்களை நம்ப முடியாது.”

நாளைக்கு ஆட்டம். ஈரக்காற்று லேசானது என்பதில் நான் ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்கவில்லை. இதை எழுதும்போது வெளியே மழை கொட்டுகிறது. பந்தை நேற்றே எங்கள் வீட்டு பால்கனியில், கூரை இல்லாத பக்கமாகப் பார்த்து வைத்துவிட்டேன்.