பெண்டிங் பாய்

திருவண்ணாமலையில் கக்கூஸைப் பற்றி இவ்வளவு மரியாதையாகப் பேசிய மனிதர் பெண்டிங் பாய்க்கு முன்னால் பிறக்கவில்லை. இனிமேல் பிறப்பார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. கிரிவலப் பாதையில் எல்லோரும் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். இவர் மட்டும் சாலையோரக் கதவுகளைத் திறந்து எட்டிப் பார்த்து, "தண்ணி வருது சார், அல்ஹம்துலில்லா" என்று கண் கலங்குவார்.

அப்போது எனக்கு அடி அண்ணாமலையில், அந்தப் பாதையை ஒட்டி ஒரு டைப்பிங் கடை. திங்கட்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. பக்கத்துக் கடை பாயுடையது. செல்போன் கவர், சார்ஜர், உடைந்த கண்ணாடி மாற்றுதல். அவருக்கு உண்மைப் பெயர் என்று ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாராவது விசாரித்தால் அவர் மனைவி மும்தாஜ் அக்காவே, "அது யாருங்க?" என்று ஒரு கணம் முழிப்பார்.

எல்லாம் ஒரு பௌர்ணமி மாலையில் ஆரம்பித்தது. ஒரு கர்ப்பிணிப் பெண் கடை வாசலில் தயங்கி நின்று, கூச்சத்தோடு வழி கேட்டாள். என்ன வழி என்று சொல்லத் தேவையில்லை. பாய் படு உற்சாகமாக, "நேரா போயி லெப்ட்டுமா, புதுசா கட்டிக்கிறாங்க" என்று கையைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் அவள் கூட்டத்துக்கு எதிராக நீந்தி அழுதுகொண்டே திரும்பி வந்தாள். புதுசாகத்தான் கட்டியிருந்தார்கள், பூட்டும் புதுசு. மும்தாஜ் அக்கா அவளைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

பாய் அன்று சாப்பிடவில்லை.

"பூட்டிக்கிதான்னு பாக்காம நான் ஏன் சார் கைய காட்டினேன்? வயித்துப் புள்ளக்காரி சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் பாய்?"

"தெரிஞ்சிக்கிற மாதிரி ஒண்ணு செய்யணும்."

மறுநாளிலிருந்து அவர் கடையில் போன் ரிப்பேர் நடந்ததாக எனக்கு நினைவில்லை. செயலி செய்வது எப்படி என்று வீடியோ பார்த்துக்கொண்டே இருந்தார். கிரிவலப் பாதையில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது, திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, உள்ளே தாப்பா, அதாவது தாழ்ப்பாள், விழுகிறதா என்று சொல்லுகிற ஒரு ஆப். நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்ய வேண்டும், ஏனென்றால் பௌர்ணமியன்று இந்த ஊரில் டவர் முதலில் படுத்துவிடும். சார்ஜர் பின் மாற்றக் கொடுத்த போன்களெல்லாம் அவருடைய சோதனைக்கூடம் ஆயின. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு மணிலாக்கொட்டை வியாபாரி, ரிப்பேராகி வந்த போனைத் திறந்ததும் கக்கூஸ் படம் வருகிறது என்று சண்டைக்கு வந்தார். பாய் அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, படம் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டார்.

கணக்கெடுப்பு நடத்தியதுதான் பெரிய கூத்து. ஆண்கள் பக்கம் அவர் போவார். பெண்கள் பக்கத்துக்கு மும்தாஜ் அக்கா. உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுப்பார்: "தண்ணி கம்மி. நாத்தம் ஜாஸ்தி. தாப்பா இல்ல." பாய் வெளியே நின்று செல்லில் ஏற்றிக்கொள்வார். அக்கா என்னிடம் ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டார்.

"ஊர்ல அவனவன் பொண்டாட்டிய பீச்சு, பார்க்குன்னு கூட்டிட்டுப் போறான். இந்த மனுஷன் என்னை எங்க கூட்டிட்டுப் போறாரு பாத்தீங்களா?"

மற்ற செயலிகளில் நட்சத்திரம் கொடுப்பார்கள் அல்லவா, பாய் அதற்குப் பதிலாக மக் கொடுத்தார். நல்ல கழிப்பறைக்கு ஐந்து மக், மோசமானதற்கு ஒரு மக். "எங்க தெருவுல எத்தினி மக்கு பாய்?" என்று யாரோ கேலி செய்ய, மும்தாஜ் அக்கா பாயைப் பார்த்தபடி, "ஒண்ணே ஒண்ணுதான்" என்றார்.

செயலி தயாரானது. 'அவசரம்' என்று பெயர் வைத்து, கடலுக்கு அப்பால் எங்கோ இருக்கிற ஸ்டோருக்கு அனுப்பினார். அனுப்பினால் அவர்கள் பரிசீலித்து அனுமதி தரவேண்டும். அதுவரை செல்லில் 'பெண்டிங்' என்று காட்டும். நாட்கள் போயின, வாரங்கள் போயின. யாராவது "எப்டி கீறீங்க பாய்?" என்றால், "பெண்டிங்ல கீறேன்" என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் பதில் வந்தது. இங்கிலீஷ் என்பதால் என்னிடம் ஓடி வந்தார். நான் படித்துச் சொன்னேன்: "ஆம்புலன்ஸ், தீயணைப்பு மாதிரி அவசர உதவி தர்ற ஆப்புக்கு அரசாங்க அனுமதி காட்டணுமாம். உங்க பேர் அவசரம்னு இருக்குதுல்ல பாய், அதான்."

"இது அவசரம் இல்லியா? அவன ஒரு பௌர்ணமிக்கு வந்து நடக்கச் சொல்லுங்க சார்!"

பெயரை மாற்றினார். நாகரிகமாக இருக்கட்டும் என்று 'ஒதுங்க ஒரு இடம்' என்று வைத்தார். மறுபடி பெண்டிங். மறுபடி பதில். இதைப் படித்துச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அங்கே எந்த இயந்திரம் அதை எப்படி மொழிபெயர்த்ததோ, ஆணும் பெண்ணும் ரகசியமாகச் சந்திக்க மறைவிடம் காட்டும் செயலிகளை அனுமதிப்பதில்லை என்று எழுதியிருந்தார்கள்.

பாய் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஐந்து வேளை தொழுகிற மனிதர். "சார், உங்க கால்ல விழறேன், இத பள்ளிவாசல் பக்கம் யாருக்கும் சொல்லிடாதீங்க." மும்தாஜ் அக்கா சிரித்த சிரிப்பு அடி அண்ணாமலை முழுக்கக் கேட்டது.

மூன்றாவது முறை 'கழிப்பறை' என்றே வைத்தார். யாருக்கும் சந்தேகம் வராத பெயர். இப்போது படத்தில் வந்தது வினை. ஒரு கழிப்பறை வாசல் படத்தில், வரிசையில் ஒரு சாமியார் நின்றுகொண்டிருந்தார், இடுப்பில் காவித் துண்டோடு. மேலே சட்டை இல்லை. 'ஆடையற்ற உடல்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பாய் அந்தச் சாமியாரைத் தேடிப்பிடித்தார். ஒரு சட்டையை நீட்டி, ஒரே ஒரு போட்டோவுக்குப் போட்டுக்கொள்ளுமாறு கெஞ்சினார். நானும் கூட இருந்தேன்.

"பாய், சட்ட வேணான்னுதான் நான் வீட்ட வுட்டே வந்தேன்" என்றார் சாமியார். "உன் ஆப்புக்காக மறுபடி சம்சாரத்துல எறங்கச் சொல்றியா?"

வேறு வழியில்லாமல் பாய் செல்லிலேயே சாமியாருக்கு ஒரு சிவப்புச் சட்டை வரைந்தார். காலர் எல்லாம் வைத்து, ரொம்ப நேர்த்தியாக. அனுப்பினார். 'உண்மைக்கு மாறாகத் திருத்தப்பட்ட படம்' என்று திரும்பி வந்தது.

"சட்ட இல்லன்னாலும் தப்பு, போட்டாலும் தப்பு! அவுரு இன்னாதான் சார் செய்வாரு?"

சாமியார் இல்லாத வேறு படம் எடுத்து அனுப்பினார். சாமியார் பிரச்சினை தீர்ந்தது. இப்போது கழிப்பறையே பிரச்சினை. 'மனிதக் கழிவு தொடர்பான அருவருப்பான உள்ளடக்கம்' என்றார்கள். அன்று பார்த்து, தன் பையனுக்குப் போன் கவர் வாங்க வந்த ஒருத்தர் போனிலிருந்து விநோதமான சத்தம் வந்தது. பையன் ஒரு பொத்தானை அழுத்துகிறான், போன் குசு விடுகிறது. வேறு பொத்தான், வேறு ராகம். அதே ஸ்டோரில் இருக்கிற செயலி. குழந்தைகளுக்கு ஏற்றது என்று முத்திரை வேறு.

பாய் அதை வாங்கிப் பார்த்தார். அழுத்தினார். அது ஒலித்தது. என்னைப் பார்த்தார்.

"இதுக்கு பர்மிஷன் கீது சார்."

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதனால்தான் எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

நான் மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கலெக்டர் ஆபீஸ் நடை. 'பொருள்: கழிப்பறை செயலிக்கு அனுமதி வேண்டி' என்று தொடங்கி, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடித்து, அப்படியே இங்கிலீஷில் அடித்தேன். உடனே பதில் வந்தது: தங்கள் பொறுமைக்கு நன்றி.

"பரவாயில்ல சார், மரியாத தெரிஞ்சவங்க" என்று பாய் சந்தோஷப்பட்டார். அடுத்த முறையும் அதே வரி வந்தது. அதற்கடுத்த முறையும். பாய்க்கு அந்த நன்றி கசக்க ஆரம்பித்தது.

ஒரு திங்கட்கிழமை, நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், மனுவை எடுத்துக்கொண்டு வேங்கிக்காலுக்கே போய்விட்டார். அங்கே மனு வாங்குகிற பெண் பொறுமையாக முழுவதும் படித்துவிட்டு, "கக்கூஸ் கட்டிக் குடுங்கன்னு கேட்டா சொல்லுங்க பாய், எழுதி அனுப்பலாம். இந்த ஸ்டோரு ஆபீசு எந்த நாட்டுல கீதுன்னே எங்களுக்குத் தெரியாதே" என்றாராம்.

"கரெக்டாதான் சார் சொன்னாங்க" என்று பாய் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "இங்க ஒரு கதவு கீது. போயி நிக்கலாம், ஆபீசரு வரட்டும்னு காத்துனு இருக்கலாம், ஒரு மூஞ்சிய பாத்து கேக்கலாம். அங்க கதவே இல்ல சார். நான் எங்க போயி நிக்கறது?"

கார்த்திகை தீபம் நெருங்கியது. எதையெதையோ மாற்றி, மக் படத்தைக்கூடக் கொஞ்சம் சின்னதாக்கி, மறுபடி அனுப்பியிருந்தார். தீபத்துக்குள் வந்துவிட்டால் போதும் என்பது அவர் கணக்கு. ஊருக்கே வருஷத்தில் பெரிய கூட்டம் அன்றுதான். தீபத்தன்று காலை எழுந்து பார்த்தால், பெண்டிங்.

மதியத்துக்குள் பாதை நிரம்பி, மண் தெரியவில்லை. பாய் கடைக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அப்போது ஒரு குடும்பம் வந்து வழி கேட்டது. திரும்பாமலே சொன்னார்: "சிமெண்ட் கட்டடத்துக்குப் போவாதீங்க, தண்ணி நின்னுடும். அத தாண்டி நீலக் கதவு. தாப்பா நல்லா கீது." அவர்கள் போய், இன்னொரு கும்பலை அனுப்பினார்கள். அவர்கள் வேறொரு கும்பலை. கொஞ்ச நேரத்தில் செல்போன் கடை முன்னால் கோயில் வரிசை போல நிற்கிறார்கள்.

எதிரே ஒரு பந்தல். தொலைந்துபோன குழந்தைகளைப் பற்றி அறிவிக்கத் தொண்டர்கள் மைக் வைத்திருந்தார்கள். பாய் எழுந்தார். நேராகப் போனார். "ஒரே ஒரு நிமிஷம் குடுங்க" என்று மைக்கை வாங்கினார்.

"பக்தர்கள் கவனத்துக்கு! நீலக் கதவு கழிப்பறை, லேடீஸ், தண்ணி வருது, தாப்பா கீது, நாலு மக்! அதுக்கு முன்னாடி கீற சிமெண்ட் கட்டடம், ஒரு மக், ஏமாறாதீங்க!"

கூட்டம் சிரித்தது. பிறகு கேட்டது. பிறகு தொண்டர்களே மைக்கைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்கள். "நீங்களே சொல்லுங்க பாய், குழந்தைங்கள நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். நிலவரம் மாறிக்கொண்டே இருக்குமே! அதனால் நானும் மும்தாஜ் அக்காவும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டியதாயிற்று. மனு எழுதுகிறவன் என்று நாலு பேர் மதிக்கிற நான், வியர்த்து வழிய வந்து, "ஜென்ட்ஸ்ல பக்கெட் காணும் பாய்!" என்று கத்திக்கொண்டிருந்தேன். உடனே அது ஒலிபெருக்கியில் போகும். யாரோ ஒரு புண்ணியவான் பக்கெட் கொண்டுபோய் வைப்பார்.

சாயங்காலம் ஒரு அம்மா பந்தலுக்கு வந்தார். பள்ளிக்கூடம் போகிற மகள் பக்கத்தில்.

"நீங்கதானாய்யா சொல்றது? நாங்க பஸ் ஏறினதுல இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. குடிச்சா எங்க போறதுன்னு பயம். உங்க குரல கேட்டுட்டுதான் குடிச்சோம்."

பாய் மைக்கை மூடிக்கொண்டார். மும்தாஜ் அக்கா அந்த அம்மாவின் கையில் இன்னொரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

இருட்டுகிற நேரத்தில் மலை உச்சியில் தீபம் ஏறியது. அரோகரா என்று ஊரே அதிர்ந்தது. பாயும் பேச்சை நிறுத்தி, மலையைப் பார்த்து நின்றார். சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "தீபம் பாத்தாச்சு. எல்லாரும் ஒரே நேரத்துல போவாதீங்க."

மறுநாள் பாய்க்குக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாள் முழுக்க அவர் பேச்சைக் கேட்டு, இந்த வாய் ஒருநாள் மூடாதா என்று ஏங்கியவன் நான். மூடிய பிறகுதான் தெரிந்தது, எனக்கு மனு அடிக்கவே வரவில்லை. வாக்கியம் பாதியில் நிற்கிறது, பக்கத்துக் கடையை எட்டிப் பார்க்கிறேன். அவர் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு பனங்கற்கண்டு சப்பிக்கொண்டிருக்கிறார்.

கூட்டமெல்லாம் கலைந்து, பாதையில் நாய்கள் மட்டும் நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், பாய் என் கடைக்குள் செல்லை நீட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார். வாய் திறக்கிறது, காற்றுதான் வருகிறது. வாங்கிப் படித்தேன். அனுமதித்துவிட்டார்கள். ஏன் முன்பு மறுத்தார்கள், ஏன் இப்போது விட்டார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

"பாய், குடுத்துட்டாங்க!"

அவர் கையை உயர்த்தி, இன்னும் சத்தமாக என்று சைகை காட்டினார். சத்தமாகச் சொன்னேன். போதாது என்று தலையாட்டி, வாசலைக் காட்டினார். நான் வெளியே வந்து, நடு ரோட்டில் நின்று, டீக்கடை, பூக்கடை, எதிர் மாடி எல்லாவற்றுக்கும் கேட்கும்படி கத்தினேன்: "நம்ம பாயோட ஆப்பு வந்துடுச்சு!"

அவருக்குக் குரல் இல்லை; எனக்கு இருந்தது. என் குரல் அதைவிட நல்ல காரியத்துக்கு இன்றுவரை பயன்பட்டதாக எனக்கு நினைவில்லை.