ஓடைக்கு வராத தண்ணீர்

கொட்டுகிற மழையில், குடைக்காம்பைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, மூன்று காலி பாட்டில்களோடு ஓடைக்கரையில் குந்தியிருந்தார் அகஸ்டின். சாலைக்கு அந்தப் பக்கம், பவுண்டரி முற்றத்தில் முழங்காலளவு தண்ணீர் சுழித்துக்கொண்டு வடிகாலுக்குள் இறங்கியது. சாலைக்கு அடியில் போகும் குழாய் வழியாக அது இந்தப் பக்கம் வந்து விழ வேண்டும். குழாய் வாயில் ஒரு சொட்டு இல்லை. ஜில்லென்று காற்று மட்டும் வந்தது.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையை ஒட்டி இருந்தது அந்தப் பவுண்டரி, இரும்பை உருக்கி அச்சில் வார்க்கும் பட்டறை. 2005ஆம் வருஷத்து ஐப்பசி. அச்சுக்குப் பிசின் கலந்து பயன்படுத்தி, முற்றத்தில் குவித்த கருமணலைக் கழுவிக்கொண்டு வெளியேறும் மழைநீரைப் பிடித்து, வெள்ளிக்கிழமைக்குள் மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள். உலை அணையும். முப்பது குடும்பம் தெருவுக்கு வரும். சூப்பர்வைசர் அகஸ்டினின் குடும்பமும் அதில் ஒன்று.

"உள்ள அடைப்பா இருக்கும் சார்," என்றான் அச்சுக் கட்டும் மாயவன்.

கயிற்றின் நுனியில் இரும்புக் குண்டைக் கட்டி, முற்றத்துப் பக்கமாகக் குழாய்க்குள் விட்டார்கள். தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போனது. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மறுநுனியும் மாயவன் கையிலிருந்து வெடுக்கென்று பறந்தது.

"ரோடு எம்மாம் அகலம்டா?"

"இருவது அடி சார்."

"கயிறு?"

"அறுவது."

மாயவன் தன் வெறுங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

அகஸ்டின் மறுபடி ஓடைப்பக்கம் போய், குழாய்க்குள் தலையை விட்டுக் கத்தினார். "மாயவா! கேக்குதா?"

உள்ளேயிருந்து குடம் கல்லில் உரசுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு, எங்கோ ஆழத்திலிருந்து, ஒரு பெண்குரல்.

"யாருங்க அது?"

குடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். "யார்றா உன் பக்கத்துல பொம்பள?"

"நான் ஒண்டியாதான் நிக்கிறேன் சார். நீங்க கத்துனதே எனக்குக் கேக்கலியே."

அகஸ்டின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மாயவன் அவரைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று தானும் ஒன்று போட்டுக்கொண்டான்.

மத்தியானத்துக்குள் பட்டறை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இந்த இடம் அந்தக் காலத்தில் களிமண் வெட்டிய குழியாம். மண் சரிந்து ஒருத்தி உள்ளேயே போய்விட்டாளாம். தாகத்தோடு செத்தவளாம். அதனால்தான் இந்தக் குடி குடிக்கிறாளாம்.

முதலாளி ஜமால் முகம்மதுக்குக் கோபம் வந்துவிட்டது. "பேயாவது, பிசாசாவது! ரெண்டு லாரி தண்ணிய மொத்தமா எறக்குங்க. அடிச்சிக்கினு வரும்."

கொட்டும் மழையில் தண்ணீர் லாரி வந்து நின்றதை ஊரே வேடிக்கை பார்த்தது. திறந்துவிட்டதும் தரை உறுமியது. மிடறு மிடறாக விழுங்குகிற சத்தம் காலடியில் கேட்டது. பக்கத்திலிருந்த கருமணல் குவியலும் சரிந்து, கண் எதிரிலேயே, வழித்தெடுத்ததுபோல் உள்ளே போயிற்று. ஓடைப்பக்கம் ஒரு தவளை மட்டும் வெளியே வந்தது. அதுகூட நனையவில்லை என்று மாயவன் சத்தியம் செய்தான்.

"பாய், இனிமே அந்தப் பக்கம் யாரும் போவ மாட்டோம்னு சொல்றாங்க," என்றார் அகஸ்டின்.

"நீங்க போவீங்கல்ல?"

அகஸ்டின் காலி பாட்டில்களை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம், பட்டறைக்குப் பின்தெருவில் இருந்த தன் வீட்டுக்கு அவர் வந்தபோது பாட்டில்கள் இன்னும் காலியாகவே இருந்தன. நேரே சமையலறைக்குப் போனார். கொல்லைக் கிணற்றிலிருந்து மனைவி ஃப்ளோரா இறைத்து வைத்திருந்த குடத்தில் மூன்றையும் முக்கி எடுத்தார்.

"குடிக்கிற தண்ணிய எங்கங்க கொண்டு போறீங்க?"

"ஆய்வகத்துக்கு. மழைத்தண்ணின்னு குடுக்கப் போறேன். நாம குடிக்கிற தண்ணியில எவன் குத்தம் கண்டுபுடிப்பான்?"

வாசலிலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து ஒவ்வொரு பாட்டிலிலும் போட்டுக் குலுக்கினார்.

"இது எதுக்கு?"

"ரொம்ப சுத்தமா இருந்தா சந்தேகப்படுவாங்க ஃப்ளோரா."

வாழ்நாளில் முதல் பொய்யை வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார். கொடுத்துவிட்டு வந்தபின் ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு வேறு சரியில்லை. பயம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை முடிவு வாங்கப் போனார். ஆய்வக உதவியாளர் பாவாடை, கையில் தாளோடு வெளியே வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. அகஸ்டின் வாசல் பக்கம் ஓர் அடி பின்வாங்கினார். பித்தலாட்டம் தெரிந்துவிட்டது, இது மழைத்தண்ணியே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

"என்னங்க, சந்தேகம் ஏதாவது...?"

"சந்தேகமே இல்ல சார், சுத்தமா உங்க பவுண்டரி தண்ணிதான்," என்றார் பாவாடை. "பிசினு, எண்ணெ, இரும்பு எல்லாம் அளவுக்கு மேல பத்து மடங்கு இருக்குது. எந்த எடத்துல புடிச்சீங்களோ, அங்க யாரும் இதக் குடிச்சிடாம மட்டும் பாத்துக்கங்க!"