டொமைன் வேறு, ஹோஸ்டிங் வேறு

"வெப்சைட் படுத்துடுச்சுங்க தம்பி. தை முகூர்த்தத்துக்கு மண்டபம் கேக்குறவங்க எல்லாம் வேற இடம் பாத்துட்டுப் போறாங்க" என்றார் போனில் தங்கையன்.

"படுத்துடுச்சுன்னு ஒரு டெர்மே கிடையாதுங்க" என்றார் சித்தார்த்தன். "எது படுத்துச்சு? டொமைனா, ஹோஸ்டிங்கா, சர்வரா?"

தில்லைநகரில் ஹோஸ்டிங் கம்பெனி நடத்தும் சித்தார்த்தனுக்கு, ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் தங்கையன்தான் பெரிய புள்ளி. அவர் கைகாட்டியதால்தான் ஊரிலுள்ள மண்டபக்காரர்களில் பாதிப் பேர் இவரிடம் இருந்தார்கள். ஆனாலும் தப்பான வார்த்தையில் வரும் புகாரை வாங்கிக்கொள்வது சித்தார்த்தனின் கௌரவத்துக்கு ஒத்துவராது.

"சர்வருன்னே வெச்சுக்குங்க" என்றார் தங்கையன், குத்துமதிப்பாக.

சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் தங்கையனுக்கு ஒதுக்கிய இடத்தில் கல்யாண வீடியோக்கள் நிரம்பி வழிந்ததுதான் கோளாறு. நாலு பழைய வீடியோவை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றாள் ஆபீஸ் பெண் ஃபெமினா. சித்தார்த்தன் கேட்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னால் என்ன ஆகும் என்று கஸ்டமருக்குப் புரிய வேண்டாமா? சர்வர் என்றுதானே சொன்னார் என்று, சர்வரையே நிறுத்தி மறுபடி கிளப்பினார். தங்கையன் தளம் எழுந்திருக்கவில்லை. நன்றாக இருந்த மற்ற மண்டபங்களின் தளங்களும் துணைக்குப் படுத்துக்கொண்டன. அவற்றை எழுப்பி உட்காரவைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் கலைச்சொல் அறியாமையே என்று தீர்மானித்து, காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனார். மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தங்கையனை உட்காரவைத்து வகுப்பெடுத்தார்.

"ஹோஸ்டிங்னா மண்டபம், நாங்க வாடகைக்கு விடுறது. டொமைன்னா வெப்சைட்டோட பேரு, பொண்ணு மாப்பிள்ளை பேரு மாதிரி, அது உங்க சொந்தம். நேம்சர்வர்தான் பத்திரிகையில போடுற மண்டப விலாசம்."

தங்கையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மண்டபத்துல தண்ணி வரலன்னா?"

"நல்ல கேள்வி" என்று பூரித்துப்போன சித்தார்த்தன், மேலும் வெகுநேரம் விளக்கினார். காபி வந்தது. தளத்தைச் சரிசெய்யும் பேச்சு மட்டும் வரவில்லை.

மறுநாள் ஆபீசில் திறந்து பார்த்தால், தங்கையனின் தளம் பளிச்சென்று இருந்தது.

"நீதானம்மா சரி பண்ணே? பாரு, கஸ்டமருக்கு டெர்ம் விளங்கிட்டா பாதிப் பிரச்சினை தீந்துடும்."

"நான் தொடவே இல்லைங்க சார்" என்றாள் ஃபெமினா. "இப்பதான் போன் பண்ணார். டொமைன் தன்னோடதுதானாம், அதனால வெப்சைட்டை வேற கம்பெனியில வெச்சு, நேம்சர்வரை மாத்திட்டாராம். மத்த மண்டபக்காரங்களுக்கு இன்னிக்குச் சாயங்காலம் அவரே வகுப்பு எடுக்குறாராம்."