பெண் பார்க்க வந்தவர்களுக்கு மரம் காட்டினேன்

நான் தாவரவியல் படித்ததற்கு மரம் செடிகள் மீது கொண்ட காதல் காரணமில்லை. விலங்கியலில் சேர்ந்தால் கரப்பான்பூச்சியை அறுக்கச் சொல்வார்கள் என்று யாரோ சொன்னார்கள், அவ்வளவுதான். மரம் பறக்காது, தாவாது, முக்கியமாகக் கொட்டாது. இந்த ஒரே நம்பிக்கையில் எம்.எஸ்ஸி. வரை போய்விட்டேன்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் தில்லியில் ஒரு மரப்பூங்காவில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள பூங்கா இல்லை இது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மரங்களைக் கொண்டுவந்து நட்டு, விதை சேர்த்து, காட்டில் அருகிப்போன மரங்களை இங்கேயாவது அழியாமல் வைத்திருக்கிற இடம். பொதுமக்கள் தாராளமாக உள்ளே வரலாம். வந்தார்கள். காதலர்கள் வந்தார்கள். பல் விளக்க வேப்பங்குச்சி ஒடிக்கிறவர்கள் வந்தார்கள். ஜாமுன் (நம்ம நாவல்பழம்தான்) பழுக்கிற மாதத்தில் குடும்பம் குடும்பமாக வாளியோடு வந்தார்கள். மரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள மட்டும் யாரும் வரவில்லை.

இது எங்கள் இயக்குநர் சக்சேனாவை உறுத்திக்கொண்டே இருந்தது. "பெயர் தெரியாத மரத்தை வெட்டும்போது யாருக்கும் கை நடுங்குவதில்லை" என்பார். அதனால் ஞாயிறு காலைகளில் மக்களை மரம் மரமாக அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைக்க ஏற்பாடு செய்தார். அறிமுகம் செய்யும் பொறுப்பு என்னுடையது. என் ஹிந்தி நாங்கள் குடியிருந்த ஆர்.கே.புரத்தில் காய்கறி வண்டிக்காரர்களிடம் கற்றுக்கொண்ட ஹிந்தி. அதை வைத்துக்கொண்டு கத்திரிக்காய் சொத்தை என்று நிரூபிக்கலாம். ஒளிச்சேர்க்கையை விளக்குவது கஷ்டம். வந்த சொற்பப் பேரும் ஏதோ என்னோடு சண்டை வந்துவிட்டது போன்ற முகத்தோடு கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து ஒரு துளைக்கருவி வந்து சேர்ந்தது. விரல் பருமன் எஃகுக் குழாய், முனையில் திருகுமரை, மறுமுனையில் குறுக்காக ஒரு கைப்பிடி. மரத்தில் வைத்துத் திருகினால் உள்ளே போகும். பிறகு குழாய்க்குள்ளிருந்து பென்சில் போல ஒரு மரக்குச்சியை உருவி எடுத்து, அதில் தெரியும் வளையங்களை வைத்து வயதைச் சொல்லிவிடலாம். மரத்தை வெட்டவே வேண்டாம். சக்சேனா அந்தக் கருவியைப் பெற்ற பிள்ளை போலத் தடவிக்கொடுத்தார். "அடுத்த ஞாயிற்றுக்கிழமை மக்கள் முன்னால் இதைச் செய்து காட்டு. விஞ்ஞானம் என்றால் என்னவென்று பார்க்கட்டும்" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மாவிடம் வேறொரு செய்தி இருந்தது.

"ஏட்டி, கரோல் பாக் மாப்பிள்ளை வீட்டுக்காரவ ஞாயித்துக்கிழமை வாராவளாம்."

"வீட்டுக்கா?"

"ஒன் தோட்டத்துக்கு. பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கப்படாதாம். சும்மா மரம் பாக்க வந்த மாதிரி வந்துட்டுப் போறோம்னு அவ்வொளே சொல்லிட்டாவ. நீ பட்டு கட்டிக்கிட்டுப் போ."

"மரம் காட்டுறதுக்கு எதுக்கும்மா பட்டு?"

"இந்த வாய மட்டும் அங்க காட்டாத."

அப்பா ரேடியோவைச் சின்னதாக்கிவிட்டு, "மரத்தப் பத்தி மட்டும் பேசு. மத்தபடி ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இப்பமே தெரிய வேண்டாம்" என்றார். தகப்பனார் கொடுத்த தைரியம்.

அதற்கு முன் இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. வேலையும் தற்காலிகம். ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை என் உத்தியோகம், கல்யாணம் இரண்டையும் ஒரே மரத்தில் தொங்கவிட்டிருந்தேன்.

அது தூன் மரம். வேப்பமரத்துக்குச் சொந்தக்கார மரம்தான். வளையங்கள் தெளிவாகத் தெரியும் என்பதால் நானே பொறுக்கியெடுத்தேன். பங்குனி மாதம், மரம் பூத்திருந்தது. சுற்றிலும் தேன் வாசனை. எல்லாம் மங்களகரமாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் மூவரும் கூட்டத்தில் ஒன்றும் தெரியாதவர்கள் போல நின்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஏதோ ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். எந்தக் கோப்பையும் கேள்வி கேட்காமல் அனுப்பியதில்லை என்று பெயரெடுத்தவர். மாப்பிள்ளையின் அம்மா வெயிலுக்குப் பயந்து தலையில் முக்காடு போட்டிருந்தார். மாப்பிள்ளை சங்கரன் பாங்கியில் வேலை. சஃபாரி சூட்டில், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.

சக்சேனாவும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். நான் பட்டு முந்தானையைத் தோளில் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன். மரத்துக்கும் உயிருண்டு, அதற்குள் இடைவிடாமல் வேலை நடக்கிறது, வேண்டுமானால் காதை வைத்துப் பாருங்கள் என்றேன். (மேடைக்காகச் சொன்னது. யாரும் வைக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.)

செக்‌ஷன் ஆபீசர் முன்னால் வந்து காதை வைத்தார்.

"உள்ள என்னமோ சத்தம் கேக்குதே."

"ஆமாங்க. வேர்லேர்ந்து தண்ணி மேல ஏறுற சத்தம்."

"கொய்ங்னு கேக்கு."

"நல்லா ஏறுது, அதான்."

அவர் திரும்பித் தன் மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார். பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். எனக்கும் ஏக திருப்தி. ஒரு மரத்துக்குள் தண்ணீர் ஏறுவது இப்படி ஊருக்கே கேட்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கருவியை வைத்துத் திருகத் தொடங்கினேன். முதலில் கெட்டியாகப் போனது. பிறகு சுலபமாகப் போனது. பிறகு தண்ணீரில் கரண்டி விட்டாற்போல் சும்மா சுற்றியது. "ஆராம் ஸே, ஆராம் ஸே" என்றார் சக்சேனா. நிதானமாகச் செய் என்கிறார். நான் நிதானமாகப் பின்பக்கம் திருகினேன். வரவில்லை. இன்னும் திருகினேன். கைப்பிடி சுற்றியதே தவிரக் குழாய் வெளியே வருவதாக இல்லை. மரத்தின் நடுப்பகுதி உளுத்துப் பொந்தாகியிருந்தது. திருகுமரைக்குப் பிடிமானமே இல்லை. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: நான் எவ்வளவு சுற்றினேனோ அவ்வளவும் என் முந்தானை கைப்பிடியில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. மூக்குக்கும் மரப்பட்டைக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை.

அப்போதுதான் மேலே, இலைகளுக்குப் பின்னால் இருந்த ஓட்டையிலிருந்து, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததாக நான் சொன்ன சத்தம் வெளியே வந்தது.

கூட்டம் ஒரு நொடி அண்ணாந்து பார்த்தது. அடுத்த நொடி கூட்டம் இல்லை. சக்சேனா மட்டும் கடமையை மறக்கவில்லை. "பயப்பட வேண்டாம், இவை மலைத்தேனீக்கள் அல்ல, பொந்தில் கூடுகட்டும் வகை, சாதுவானவை" என்று பொதுமக்களுக்கு விளக்கினார். பாதி விளக்கம் மரத்தடியில் கேட்டது, மீதி கேட் பக்கத்திலிருந்து கேட்டது. செக்‌ஷன் ஆபீசர் ஓடிக்கொண்டே ஏதோ கேள்வி கேட்க வாயைத் திறந்திருக்கிறார். சாதுவான ஒன்று அவர் மேலுதட்டில் கொட்டிவிட்டது.

நான் ஓடவில்லை. ஓட வழியில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மரத்தோடு ஒட்டி நின்றேன். காதிலும் கன்னத்திலும் சுருக் சுருக்கென்றது. விலங்கியலே எடுத்திருக்கலாம்.

கண்ணைத் திறந்தால் சங்கரன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஊரே ஓடிப்போன பிறகும் எனக்காக ஓர் ஆண்பிள்ளை நிற்கிறாரே என்று மனசு இளகிவிட்டது. அவர் மெதுவாகக் கிட்டே வந்து கைப்பிடியைப் பார்த்தார்.

"முந்தானை மாட்டிக்கிட்டு போலுக்கு."

"ஆமா."

"கிழிச்சா வந்துரும். ஆனா பட்டு. கிழிக்கலாமா?"

"கிழிங்க."

"வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"கிழிங்க."

"இந்தப் பக்கமாவா, அந்தப் பக்கமாவா?"

நான் பதில் சொல்வதற்குள் ஒரு தேனீ அவர் காதுமடலில் கொட்டியது. சர்ரென்று கிழித்துவிட்டார். நாங்கள் ஓடினோம்.

பூங்கா அலுவலகத்தில் எல்லோருக்கும் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்கள். செக்‌ஷன் ஆபீசரின் உதடு வீங்கி மூக்கைத் தொட்டிருந்தது. அதனால் யாரிடமும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூவரும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். வீட்டில் அம்மா என் கன்னத்து வீக்கத்தைப் பார்க்கவில்லை. முந்தானையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வேலை போய்விடும் என்று நினைத்துப் போனேன். சக்சேனா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தேனீ மரத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டில் கூட்டம். வேப்பங்குச்சிக்காரர்கள்கூடக் குச்சி ஒடிக்காமல் நின்றிருந்தார்கள். உளுத்த மரம், யார் தலையிலாவது விழும், வெட்டிவிடலாம் என்று மேலே இருந்து யோசனை வந்தபோது சக்சேனா ஒத்துக்கொள்ளவில்லை. பாரமான கிளைகளைக் குறைத்து, சுற்றி வேலி போட்டு, பொந்து விழுந்த கிழட்டு மரத்தில் தேனீ, கிளி, ஆந்தை எல்லாம் குடியிருக்கும், அதை வெட்டினால் அத்தனை வீடும் போய்விடும் என்று பலகை வைத்தார். ஞாயிறுதோறும் அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பேசினேன். ஜனங்கள் கேள்வி கேட்டார்கள். தங்கள் தெருவில் இருக்கும் பொந்து மரத்தை வெட்டாமல் என்ன செய்யலாம் என்று கேட்டு சிலர் திரும்பவும் வந்தார்கள். என் ஹிந்தி அப்படியேதான் இருந்தது. எனக்கு மதுமக்கி மேடம் என்று பெயர் வைத்தார்கள். மதுமக்கி என்றால் தேனீ. கருவி மரத்திலேயே தங்கிவிட்டது. இன்னொன்று வாங்கச் சொல்லி யாரும் எழுதவில்லை.

வரன் போயே போய்விட்டது என்று அம்மா ஜாதகத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். உதடு பழைய அளவுக்கு வந்ததும் செக்‌ஷன் ஆபீசர் தாமே ஆர்.கே.புரம் வந்தார்.

"நாங்க அத்தன பேரும் ஓடிட்டோம்" என்றார் அப்பாவிடம். "கேட்டுல நின்னு திரும்பிப் பாத்தா, ஒங்க மவ மரத்தக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்கா. உசுரே போனாலும் மரத்த விடமாட்டேன்னு நிக்கா. முந்தானை கிழிஞ்சும் விடல. இப்பிடி ஒரு பொண்ண நான் பாத்ததில்ல. எம்மவனும் ஓடல பாத்தியளா. அவன் தைரியத்துக்கு இவதான் சரி."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். வைகாசியில் கல்யாணம்.

கல்யாணமான முதல் வாரம் ஒரு சோப்பு வாங்கக் கடைக்குப் போனோம். பச்சையா, நீலமா என்று என் கணவர் கடை சாத்தும்வரை நின்றார். எனக்குச் சந்தேகம் வந்தது.

"அன்னைக்கு ஏன் நீங்க ஓடலை?"

"ஓடலாமா, படுத்துரலாமான்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

மாமனாருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. தில்லித் தமிழர்களின் முருகன் கோயிலான மலை மந்திரில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் மணமக்களை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்கிறார். வருஷத்துக்கு வருஷம் தேனீக்கள் பெருகுகின்றன, நான் மரத்தைக் கட்டிப்பிடித்த நேரமும் நீள்கிறது. போன தடவை, நான் மரத்தைத் தடவிக்கொடுத்து ஆறுதல் சொன்னேனாம். கேட்டுக்கொண்டிருந்த புதுப்பெண் என்னை நிமிர்ந்து பார்த்தது. நான் அடக்கமாகச் சிரித்துவைத்தேன்.

நான் கட்டிப்பிடிக்கவில்லை, மாட்டிக்கொண்டிருந்தேன் என்பது என்னைத் தவிர ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அதைத் தன் அப்பாவிடம் சொல்லிவிடலாமா வேண்டாமா என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.