கோணி ஊசி பேர் சொல்லிக் கூப்பிட்டால்

தாம்பரத்தில் வீடு மாற்றியவர்களில் பாதிப் பேரைச் சாமானோடு கட்டி வண்டியில் ஏற்றியது கோணி ஊசிதான். மீதிப் பேர் அவருக்குப் பயந்துகொண்டு வீடே மாற்றாமல் இருந்தவர்கள்.

கோணி ஊசி என்பது பெயரல்ல, ஊர் வைத்தது. சாக்கு மூட்டை தைக்கிற நீள ஊசி ஒன்றைச் சட்டைக் காலரில் குத்தியிருப்பார். அந்த ஊசிக்கே வேட்டி கட்டிவிட்டாற்போல ஆளும் இருப்பார். பல்லாவரம் சந்தைக்குப் பின்னால் எங்கேயோ ஜாகை. நடந்தால் சத்தம் கேட்காது. வீடு மாற்றலாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் படுக்கையில் கிசுகிசுத்தால் மறுநாள் காலை கேட்டருகே அவர் நிற்பார் என்று எங்கள் தெருவில் சத்தியம் செய்வார்கள். "எப்ப சார் கட்டலாம்?" என்பதுதான் அவருடைய வணக்கம். காய்ச்சலில் கிடந்த எதிர்வீட்டு மாமா ஒருவர், ஜன்னல் வழியாக இந்தக் கேள்வி வந்ததும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டார்.

கட்டுவதில் அவர் ராட்சசன். கண்ணாடி கிளாஸெல்லாம் அரிசி டிரம்முக்குள் அரிசியோடு புதையும். இட்லிப் பானைக்குள் டம்ளர், டம்ளருக்குள் ஸ்பூன், இடுக்கிலெல்லாம் பழைய நூல் புடவை. டிவிக்கு மெத்தை, மிக்ஸிக்குத் தலையணை. ஒரு பாத்திரம்கூடக் காலியாகப் போகக் கூடாது.

"காலியா போனா வேற எதுனா உள்ள குந்திகினு வந்துடும்" என்பார்.

வேற எது என்று கேட்கிற துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

அந்த வேகத்தில் உயிருள்ளது, உயிரில்லாதது என்ற பேதமெல்லாம் பார்க்க மாட்டார். சேலையூரில் ஒரு வீட்டுப் பூனையைக் கம்பளியோடு வைத்துத் தைத்துவிட்டார். மூட்டை மியாவ் என்றபோது வீட்டுக்காரம்மா மயங்கி விழ, இவர் நிதானமாக இரண்டு தையலைப் பிரித்து, பூனைக்கு மூச்சு விட வழி செய்துவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனாராம்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கடைசியில் ஒன்று செய்வார், அதற்குத்தான் ஊரே நடுங்கியது. சாமானெல்லாம் ஏறியதும் குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டு வாசற்படியில் போய் நிற்பார். காலி வீட்டுக்குள் பார்த்து ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பேருக்கு உரியவர் தெருவிலிருந்து "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். உடம்பு தானாக வண்டியில் ஏறிவிடும், மற்றது கூப்பிட்டால்தான் வரும் என்பது அவர் கட்சி. ஒரு பாங்க் ஆபீசர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பதில் சொல்லாமல் பல்லாவரம் போய்ச் சேர்ந்தார். அங்கே தூக்கம் போயிற்று. பசி போயிற்று. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து, பழைய வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று கத்தினார். புதிதாகக் குடிவந்தவர்கள் யாரோ தூரத்து உறவு என்று நினைத்து உள்ளே கூப்பிட்டு டிபன் கொடுத்தார்கள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாராம்.

எனக்குப் பேய் பயம் கிடையாது. பேய் இருக்குமோ என்ற சந்தேகம் மட்டும்தான். அதனால்தான் எங்கள் முறை வந்தபோது வேறு ஆள் பார்க்க நினைத்தேன். நினைத்த மறுநாள் காலை கேட்டருகே அவர் நின்றார்.

அப்போது நாங்கள் மேற்குத் தாம்பரத்தில், ரயில் பாதையை ஒட்டிய வாடகை வீட்டில் இருந்தோம். ரயில் போனால் சமையலறைப் பாத்திரமெல்லாம் கிணுகிணுக்கும். அப்பா சிட்லபாக்கத்தில் சொந்த வீடு கட்ட ஆரம்பித்து, அஸ்திவாரத்தோடு கண்ணை மூடிவிட்டார். மிச்சத்தை நான் கட்டி முடித்தேன். முதல் வருஷத் திதி கழிந்ததும் நாள் பார்த்தோம். ராகு காலத்துக்கு முன்னால் அங்கே பால் காய்ச்ச வேண்டும் என்று என் மனைவி முன்கூட்டியே போய்விட்டாள். எல்லாம் சரி, அம்மாதான் வர மாட்டேன் என்றாள். சண்டை போடவில்லை, அழவில்லை. "நீங்க போங்கடா, நான் அப்புறமா வரேன்" என்று ஒரு வாரமாக ஒரே பதில். வீட்டுக்காரர் வெள்ளையடிக்க ஆளை வரச் சொல்லியாயிற்று. இந்த அப்புறம் எப்போது என்று எனக்குப் புரியவில்லை.

கோணி ஊசி அன்று வெயில் ஏறுவதற்குள் வீட்டைச் சுருட்டிவிட்டார். நான் பாதி குடித்து வைத்த காபியும் அதில் போயிற்று. கூடம் காலி. இருமினால் அடுத்த அறையில் வேறு யாரோ பதிலுக்கு இருமினார்கள். அப்போது ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின் போயிற்று. துடைத்துவிட்ட அந்த வீட்டுக்குள்ளிருந்து கிணுகிணு என்று பாத்திரச் சத்தம் கேட்டது.

நான் ஓடவில்லை. வேகமாக நடந்ததில் கால் தரையில் படவில்லை, அவ்வளவுதான். தெருவுக்கு வந்து பார்த்தால் கோணி ஊசி காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு சாமான் உள்ள கீது சார்."

அவருக்குப் பின்னால், அவர் சட்டை முனையைப் பிடித்தபடி உள்ளே போனேன். சமையலறைத் தரையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலே ஜன்னல் திட்டில் அப்பாவின் டபரா டம்ளர், கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. எத்தனையோ ஊசிக்கும் கயிற்றுக்கும் தப்பித்து அது அங்கே வந்து சேர்ந்திருந்தது.

"அது இங்கயே இருக்கட்டும்" என்றாள் அம்மா. "அவர் பார்த்தது வெறும் அஸ்திவாரம்தானே. அந்த வீடு அவருக்கு எங்கே தெரியும்? இங்கேதான் வந்து தேடுவார்."

பிடித்திருந்த சட்டை முனையை நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கோணி ஊசி முழங்காலை மடித்து அம்மாவுக்கு எதிரே குந்தினார்.

"அம்மா, நீங்க டம்ளர எடுத்துகினு முன்னால போங்க. சாரு பின்னால வருவாரு. அவரு என்னிக்கு முன்னால போயிருக்காரு?"

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அது உண்மைதான். எந்த இடத்திலிருந்தும் அப்பாதான் கடைசியாகக் கிளம்புவார். குழாயை முறுக்கி, ஸ்டவ்வை முகர்ந்து, பூட்டைப் பூட்டி இழுத்து, நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்றும் கட்டியவர் கோணி ஊசிதான். "சார், பூட்டு கையோட வந்துடப்போவுது" என்று அன்றைக்கு அப்பாவிடம் கெஞ்சியிருக்கிறார். அவர் யாரிடமாவது கெஞ்சியது அந்த ஒரு தடவைதான்.

அம்மா எழுந்தாள். டம்ளரைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

கோணி ஊசி வாசற்படியில் நின்றார். என்னைக் கூப்பிட்டார். "வந்துட்டேன்" என்றேன், தேவைக்கு மேலேயே சத்தமாக. அம்மாவைக் கூப்பிட்டார். அவள் மெல்லச் சொன்னாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ராஜகோபால் சார். வண்டி ரெடி. வாங்க."

ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். அவர் காத்திருந்தார். முழங்கால் வலிக்காரர் ஒருவர் சமையலறையிலிருந்து கூடத்தைத் தாண்டி வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். அவருடைய பார்வை உள்ளேயிருந்து மெதுவாக நகர்ந்து வாசலுக்கு வந்தது. "பாத்து சார், படி ஒடஞ்சிகீது" என்று சொல்லி ஒதுங்கி நின்றார். நானும் ஒதுங்கினேன். எதற்கு ஒதுங்கினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டிவிட்டு நாலு எட்டு தள்ளி வந்து, திரும்பி, பூட்டைப் பார்த்தபடி நின்றார். நாங்களும் பார்த்தோம்.

பூட்டு ஆடியது. லேசாகத்தான். இரண்டு தடவை.

ரயில் போயிருக்கும். போயிருக்கத்தான் வேண்டும். சத்தம் கேட்டதா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அப்போது என் காதுக்குள் என் இதயம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த மனுஷனுக்கு இன்னும் சந்தேகம் தீரலை பாரு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒரு வருஷத்தில் முதல் தடவை.

அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, டெம்போவில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறப் போனேன். கோணி ஊசி என் தோளைப் பிடித்தார்.

"அங்க சாரும் அம்மாவும் குந்தட்டும். நீ பின்னால வா."

டிரைவர் என்னைப் பார்த்தான், காலி சீட்டைப் பார்த்தான், அந்த ஊசியைப் பார்த்தான். வண்டியை எடுத்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டெம்போ மாட்டு வண்டி வேகத்தில் போனது சரித்திரத்திலேயே அன்றுதான். நான் பின்னால் அரிசி டிரம்முக்கும் அவருக்கும் நடுவில் நசுங்கியபடி, டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மடியில் டம்ளர். ஜன்னலோரம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

பால் நேரத்துக்குக் காய்ந்தது. முதல் காபி அந்த டம்ளரில், புது ஜன்னல் திட்டுக்குப் போயிற்று. மூட்டைகளை அவிழ்த்துவிட்டுத் திரும்பினால் கோணி ஊசியைக் காணோம். வந்தது போலவே சத்தமில்லாமல் போயிருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த வீட்டையும் விட்டு ஃப்ளாட்டுக்கு மாறினோம். கோணி ஊசியைத் தேடிப் பல்லாவரம் போனேன். அறை பூட்டியிருந்தது. எங்கேயோ போய்விட்டார் என்றார்கள் பக்கத்து அறைக்காரர்கள், எங்கே என்று தெரியவில்லை. பேர் என்ன என்று கேட்டேன். அவர்களும் கோணி ஊசி என்றுதான் சொன்னார்கள். ஊரையே பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூட்டிப் போன மனிதர். அவர் கிளம்பிய அன்று கூப்பிட யாருக்குப் பேர் தெரிந்திருக்கும்?

வேறு யாரோ அட்டைப் பெட்டிகளில் கட்டினார்கள். எல்லாம் ஏறியதும் நான் வாசற்படியில் போய் நின்றேன். அம்மா, மனைவி, பையன், அப்பா என்று எல்லோரையும் கூப்பிட்டேன். அம்மா டம்ளரோடு முன் சீட்டில் ஏறி ஜன்னலோரம் இடம் விட்டாள். நான் மறுபடியும் வீட்டுக்குள் பார்த்து, "கோணி ஊசி அண்ணா, வாங்க, போலாம்" என்றேன்.

பிறகு பின்னால் ஏறி, பெட்டிகளுக்கு நடுவில், கொஞ்சம் நகர்ந்தே உட்கார்ந்தேன்.