இரண்டாம் பாகத்துப் பேயும் என் திங்கட்கிழமை நோன்பும்

பேய்ப் படங்களின் இரண்டாம் பாகத்தைப் போலப் பரிதாபமான பொருள் உலகத்தில் இல்லை. முதலாம் பாகத்திலேயே பேயை எரித்துச் சாம்பலையும் கரைத்துவிடுவார்கள். பிறகு படம் நன்றாக ஓடிவிட்டதே என்று அதே பேயைக் கெஞ்சிக் கூட்டி வருவார்கள். அதுவும் வேண்டாவெறுப்பாக வந்து நிற்கும்.

நான் சொல்லும் படமும் அந்த இனம்தான். பள்ளிக்கூடக் காலத்தில், கல்முனையில் ஒரு கூட்டாளி வீட்டில் வீடியோ டெக் போட்டுப் பார்த்தது. முதலாம் பாகத்தைப் பற்றி இன்றைக்கும் ஆட்கள் கதைக்கிறார்கள். இரண்டாம் பாகம் என்று ஒன்று வந்ததே பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு ஒரு கிழமை முழுக்க உம்மாவின் பாய்க்குப் பக்கத்தில்தான் படுத்தேன். (மீசை முளைத்திருந்தது. அதை விடுங்கள்.)

போன வருடம் அந்தப் படம் இணையத்தில் கிடைத்தது. அப்போது வீட்டில் புது மருமகன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே மாமனார் ஒரு கம்பீரத்தோடு நடமாட வேண்டும். நான் பேச்சைக் குறைத்து இருமலைக் கூட்டியிருந்தேன். இந்தப் பேயை அவருக்கு முன்னால் வைத்துச் சிரித்துவிட்டால் என் வீரம் நிலைநாட்டப்பட்டுவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் திரைச்சீலைகளை இழுத்து மூடி, மருமகனைச் சோபாவில் பக்கத்தில் இருத்தி, படத்தைப் போட்டேன்.

குளத்திலிருந்து எழும்பி வரும் பேய் அது. யாரைக் கொல்லப்போகிறதோ, அவருடைய பிடரியில் முதலில் தண்ணீர் சொட்டும். எழும்பி வருவது குளத்திலிருந்து. தலைமயிரோ காய்ந்து கிடக்கிறது. முகத்தில் அப்பியிருந்த பவுடர் ஒரு கைக்குழந்தைக்கு ஆறு மாதம் காணும். பறக்கும்போது கயிறு தெரிகிறது.

“பாருங்க மருமகன், பேய்க்குக் கையில மணிக்கூடு” என்றேன்.

“ஓம் மாமா” என்றார் மரியாதையாக.

இப்படி ஏளனம் செய்துகொண்டிருந்தவனின் கால்கள் எப்போது நிலத்தை விட்டுச் சோபாவுக்கு மேல் ஏறின என்று எனக்கே தெரியாது. படத்தில் பேய் கதாநாயகனுக்குப் பின்னால் வந்து நின்றது. என் பிடரியில் சில்லென்று தண்ணீர் விழுந்தது. திரும்பினேன். இருட்டில் தலை முதல் கால் வரை வெள்ளையாக ஓர் உருவம்.

அந்த நேரத்தில் காவலுக்கு ஓதவேண்டிய குர்ஆன் வசனம் ஆயத்துல் குர்ஸி. சின்ன வயதிலேயே பாடம். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு:

“இந்த வருஷத்து றமழான் மாதத்தின் பர்ளான நோன்பை நாளைக்குப் பிடிக்க நிய்யத்து வைக்கிறேன்!”

றமழான் இரவுகளில், மறுநாளின் கட்டாய நோன்புக்கு உறுதிமொழியாகப் பள்ளிவாசலில் எல்லோரும் சேர்ந்து சொல்வோமே, அதேதான். ஆனால் இதைச் சொன்னது மருமகனின் மடியில் இருந்து.

மகள் ஓடிவந்து லைட்டைப் போட்டாள். அந்த வெள்ளை உருவம், தொழுகை உடுப்போடு நின்ற என் மனைவி.

“அசர் தொழுகைக்கு வாங்கு சொல்லி எவ்வளவு நேரம்? தொட்டா, தொழக் கைகால் கழுவி எடுத்த வுழு முறிஞ்சிடுமே எண்டுதான் கைத்தண்ணிய உதறின நான்” என்றாள்.

மருமகன் அசையவில்லை. (நான் மடியில் இருக்கும்போது எப்படி அசைவார்?) மிகவும் பணிவாகச் சொன்னார்: “மாமா, றமழானுக்கு இன்னும் நாலு மாசம் இரிக்கி.”

இறங்கினேன். இருமினேன். “நாளைக்குத் திங்கள்தானே மகன். விரும்பினாப் பிடிக்கிற சுன்னத்து நோன்பு. அதத்தான் சொன்ன நான்.”

வாயால் சொல்லியாயிற்று, பிடிக்காமல் இருக்க முடியுமா? மறுநாள் பகல் சம்பந்தி வீட்டிலிருந்து புரியாணி வந்தது. என் பங்கையும் மருமகனே சாப்பிட்டார், அதே மரியாதையோடு.

இன்றைக்கும் காற்றில் கதவு அடித்தால் போதும், “வாப்பா, நாளைக்கு நோன்பா?” என்று மகள் குசினியில் சமைத்துக்கொண்டே கேட்கிறாள். அந்தப் படத்துக்கு மூன்றாம் பாகமும் உண்டாம். மருமகன் எங்கிருந்தோ தேடிப் பிடித்து வைத்திருக்கிறார். நோன்பு மாதத்தில் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். அப்போது வாய் தவறினாலும் வசனம் பொருந்தும்.